மூக்கு வழியே மருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, மூக்கைப் பற்றியவை மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. சொட்டு மருந்து, ஸ்பிரே, தடுப்பு மருந்து, பாட்டி கை எண்ணெய் என்று கேள்விகள் பல திசையில் இருந்தாலும் எல்லாம் ஒரே துளைக்குள் போய் முடிவதால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதியவரின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஐயா, மூக்கில் சொட்டு விட்டால் சற்று நேரத்தில் தொண்டை கசக்கிறது. அப்படியானால் மருந்து வயிற்றுக்குத்தானே போகிறது? பேசாமல் மாத்திரையாகவே விழுங்கிவிடலாமே? (கும்பகோணம்)

நீங்கள் கவனித்தது சரி. முடிவில்தான் பாதி பிழை இருக்கிறது. மூக்கின் உட்சுவர் முழுவதும் மெல்லிய சளிப்படலம் போர்த்தியிருக்கிறது. அதற்குக் கீழே கோடிக்கணக்கான நுண்மயிர்கள் ஓயாமல் ஒரே திசையில் அசைந்து, அந்தப் படலத்தைப் பின்னோக்கித் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தூசியோ கிருமியோ மகரந்தமோ எது வந்து ஒட்டினாலும் அதை வாரிக்கொண்டு போய் வயிற்றில் சேர்த்துவிடுவதே அவற்றின் வேலை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கென்று அவை தனிச் சலுகை காட்டுவதில்லை.

இதன் வேகத்தை அளக்க எங்கள் துறையில் ஓர் எளிய சோதனை உண்டு. குருணையில் பாதியளவுள்ள சாக்கரின் துணுக்கு ஒன்றை, மூக்கின் உள்ளே கீழ்ப்புறமாகப் புடைத்திருக்கும் சதைமேட்டின்மேல், முன்விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, நோயாளியை உறிஞ்சாமலும் தும்மாமலும் உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மூக்கில் வைத்த இனிப்பு நாக்குக்குத் தெரிய நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு 10 முதல் 20 நிமிடம் ஆகும். அரை மணி நேரத்துக்குமேல் போனால் நுண்மயிர்கள் சோர்ந்திருக்கின்றன என்று பொருள். “இனிக்குது டாக்டர்” என்று நோயாளி வியப்போடு சொல்லும் அந்தக் கணத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆகவே மூக்கு வழியே கொடுக்கப்படும் எந்த மருந்துக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ கால் மணி நேரம்தான். அதற்குள் தன் வேலையை முடித்துவிடக்கூடிய மருந்துகளுக்கே மூக்கு நல்ல வழி. இந்தக் கால் மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

மாத்திரையைவிட மூக்கு எங்கே மேலானது என்றால், சளிச்சவ்வுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. குடலில் உறிஞ்சப்படும் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே பெரும்பகுதி சிதைக்கப்பட்டபின் மிச்சம்தான் உடலுக்கு வருகிறது. மூக்கில் உறிஞ்சப்படுவதோ கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே இரத்தத்தில் கலக்கிறது. பொடி போடும் பெரியவர்கள் ஒரு சிட்டிகையை இழுத்த மாத்திரத்தில் தெளிவடைந்ததுபோல் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வழியே நிக்கோட்டின் போகும் வேகம்தான்.

ஆனால் இடம் மிகக் குறைவு. இரு பக்கமும் சேர்ந்த உட்பரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையின் ஒரு பக்கத்தைவிடச் சற்றே அதிகம். ஒரு துளையில் 0.1 முதல் 0.2 மில்லி லிட்டர் வரையே தங்கும். அதற்கு மேல் ஊற்றினால் முன்னால் வழியும் அல்லது தொண்டையில் இறங்கும். உங்களுக்குக் கசப்பது பெரும்பாலும் அப்படி அதிகமாக விட்ட சொட்டுதான். தவிர, மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக உட்புகுவது கடினம். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் சிறிய மூலக்கூறு என்பதால் மூக்கு வழியே ஏற்றது. இன்சுலின் அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், ஊசிக்குப் பதிலாக அதை மூக்கில் செலுத்தப் பல ஆண்டுகளாக முயன்றும் அன்றாடச் சிகிச்சைக்கு வந்து சேரவில்லை.

பேரக்குழந்தை பிறந்து 40 நாள் ஆகிறது. குளிப்பாட்ட வரும் அம்மா மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுகிறார். மகள் வேண்டாம் என்கிறாள். எங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தார்கள்? (திருநெல்வேலி)

மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தண்ணீர் தவறிக் குரல்வளைக்குள் போனால் குழந்தை உடனே இருமும். அந்த இருமலே நுரையீரலைக் காக்கிறது. எண்ணெய் அப்படி உறுத்துவதில்லை. அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாயில் இறங்கும். குழந்தை இருமாததால் பாட்டி “ஒன்றும் ஆகவில்லை” என்று நினைப்பார். இறங்கிய எண்ணெயை நுண்மயிர்களால் தள்ளி வெளியேற்றவும் முடியாது, நுரையீரலால் செரிக்கவும் முடியாது. அது அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்குவதை எண்ணெய் நிமோனியா என்கிறோம். தென்னிந்தியக் குழந்தைகள் மருத்துவர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிக்கு அடங்காத நிமோனியாவோடு வரும் கைக்குழந்தையின் தாயிடம், “மூக்கில் எண்ணெய் விடுவதுண்டா?” என்று கேட்க எங்கள் ஆசிரியர்கள் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

வாயால் ஊதும்போது ஊதுபவரின் எச்சிலில் உள்ள கிருமியும் சேர்ந்தே போகிறது. சித்த மருத்துவத்தில் மூக்கில் மருந்து விடும் நசியம் என்று ஒரு முறை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது பயின்ற மருத்துவர், நோயாளியின் வயதையும் உடல்நிலையையும் பார்த்துச் செய்வது. 40 நாள் குழந்தைக்கு குளியலறை மனையில் செய்வதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. குழந்தைக்கு மூக்கு அடைத்திருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பால் கொடுப்பதற்குச் சற்று முன் விடுங்கள், போதும்.

நாங்கள் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். ஏழாம் நாள் குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்க கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டால் வேலை முடிந்தது. மனிதருக்கு மட்டும் ஏன் இன்னும் ஊசி? கோழிக்குத் தெரிந்த வைத்தியம் நமக்குத் தெரியாதா? (நாமக்கல்)

இந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது, கேள்வியும் நியாயமானது. வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், மூச்சுவழியாகவும் பரவும் வைரஸ் நோய். அது நுழையும் வாசலிலேயே காவல் வைப்பதுதான் நீங்கள் விடும் அந்த ஒரு சொட்டின் சூட்சுமம்.

மனிதருக்கும் கணக்கு அதுவேதான். தோளில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்புரதங்களைச் சுற்றவிடுகிறது. அவை நோய் முற்றி நுரையீரலைத் தாக்காமல் நன்றாகத் தடுக்கின்றன. ஆனால் மூக்கின் ஈரப்பரப்பில் இருக்கும் காவலாளி வேறு. ஐஜிஏ எனப்படும் அந்த எதிர்ப்புரதம் சளிச்சவ்வுக்கு அடியிலேயே உருவாகிச் சளியோடு கலந்து நிற்பது. அது வலுவாக உருவாக வேண்டுமானால் மருந்து அந்த இடத்தையே தொட வேண்டும். தடுப்பூசி போட்டவருக்கும் கொரோனா தொற்றி, அவர் மூக்கிலிருந்து பிறருக்குப் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை நாம் போலியோவில் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். அந்த வைரஸ் குடலில் பெருகுவது. வாய்வழிச் சொட்டு மருந்து குடலிலேயே காவலை உண்டாக்கியதால்தான் ஊர் ஊராகப் பரவலை அறுக்க முடிந்தது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றதில் அந்தச் சொட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே ஆண்டு வேலூர்க் குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று வெளியாயிற்று. முன்பே பலமுறை சொட்டு மருந்து பெற்றிருந்த குழந்தைகளுக்கு ஓர் ஊசி கூடுதலாகப் போட்டபோது, மங்கியிருந்த குடலின் காவல் மீண்டும் வலுப்பெற்றது. முதலில் வாசலில் பழக்கிவிட்டால் பிறகு ஊசியும் அந்த வாசலைத் தட்டி எழுப்பும் என்பது இதில் கிடைத்த பாடம். மூக்கு மருந்து ஆராய்ச்சியாளர்கள் இதையே தலைகீழாகத் திருப்பி, முதலில் ஊசி போட்டு, பிறகு மூக்கில் கொடுத்துக் காவலை மேலே இழுத்துவர முயல்கிறார்கள்.

மூக்கு வழித் தடுப்பு மருந்து மனிதருக்கு அறவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சீனத்தில் பெரியம்மைக் கொப்புளத்தின் காய்ந்த பொருக்கைப் பொடித்து, குழல் வழியே மூக்கில் ஊதும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. நம் காலத்தில், 2003-இல் அமெரிக்கா ஃப்ளூமிஸ்ட் என்ற ஃப்ளூ தடுப்பு மருந்துக்கு அனுமதி தந்தது. அதில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். 25 டிகிரி செல்சியஸில் வளரப் பழக்கப்பட்டதால் மூக்கின் குளிர்ந்த முன்பகுதியில் அது பெருகும். நுரையீரலின் வெப்பத்தில் பெருகத் திணறும். இந்தியாவில் பன்றிக் காய்ச்சலுக்காகப் புனேயின் சீரம் நிறுவனம் 2010-இல் நாசோவாக் என்ற மூக்கு மருந்தைக் கொண்டுவந்தது. கொரோனாவுக்கு ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், சிம்பன்சியின் அடினோவைரஸ் என்ற வைரஸை மருந்தைச் சுமந்து செல்லும் ஏவலாளாகக் கொண்டு தயாரித்த இன்கோவாக், 2022 செப்டம்பரில் அவசர அனுமதி பெற்று 2023 குடியரசு நாளில் வெளியிடப்பட்டது. துளைக்கு நான்காக எட்டுச் சொட்டு, 28 நாள் இடைவெளியில் இருமுறை.

இவ்வளவும் இருந்தும் ஏன் ஊசி ஒழியவில்லை என்பதற்கு வருகிறேன். முதல் காரணம் அந்தக் கால் மணி நேரம். ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள், ஊசியாகப் பெயர்பெற்ற தங்கள் கொரோனா தடுப்பு மருந்தையே மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். 2022 அக்டோபரில் வெளியான முடிவில், பங்கேற்றவர்களில் ஒரு சிலரிடம் மட்டுமே மூக்கில் எதிர்ப்புரதம் தென்பட்டது. மருந்தில் பெரும்பகுதி விழுங்கப்பட்டு வயிற்றில் அழிந்திருக்கலாம் என்று அவர்களே விளக்கம் சொன்னார்கள்.

இரண்டாவது, உயிருள்ள வைரஸ் மூக்கில் சற்றேனும் பெருகினால்தான் பாடம் பதியும். பலமுறை ஃப்ளூ வந்துபோன பெரியவரின் மூக்கில் பழைய காவலாளிகளே அதை அடித்துப்போட்டுவிடுவதால், ஃப்ளூமிஸ்ட் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் ஏழு நாள் குஞ்சுக்குப் பழைய அனுபவமே கிடையாது. இந்த விஷயத்தில் அதற்கு நம்மைவிட வசதி. பலனும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. ஒரு வகை வைரஸுக்கு எதிராகப் பலன் குன்றியதால், 2016-17-லும் அடுத்த ஆண்டிலும் ஃப்ளூமிஸ்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கா அறிவுறுத்தி, வைரஸை மாற்றியமைத்த பிறகே திரும்ப ஏற்றது.

மூன்றாவதை நான் மிகவும் கனமாக எடுத்துக்கொள்வேன். 2000-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் வேறொரு மூக்கு வழி ஃப்ளூ மருந்து விற்பனைக்கு வந்தது. வீரியம் கூட்டுவதற்காக, குடல்வாழ் பாக்டீரியா ஒன்றின் நச்சுப்புரதத்தை அதில் சேர்த்திருந்தார்கள். போட்டுக்கொண்டவர்களிடையே ஒரு பக்க முகவாதம் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடியது தெரியவந்ததும் மருந்து திரும்பப் பெறப்பட்டது. மூக்கின் கூரையில் நரம்புகள் மூளையிலிருந்து மிக அருகில் இறங்கி நிற்கின்றன. அந்த அண்டைவீட்டை மறந்துவிட்டு மூக்கில் எதையும் தெளிக்க முடியாது என்பதை இத்துறை அன்று கற்றது.

கோழிக்கும் நமக்கும் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. ஆயிரம் குஞ்சில் ஐம்பதுக்குச் சொட்டு சரியாகப் பிடிக்காவிட்டாலும் மந்தை தப்பிவிடும். அடுத்த முறை குடிதண்ணீரில் கலந்து ஈடு செய்வீர்கள். கறிக்கோழிக்கு ஆறு வாரத்துக்குமேல் பாதுகாப்பும் தேவைப்படாது. மனிதரில் அந்த ஐம்பதில் ஒருவர் யாருடைய பிள்ளையாகவோ இருப்பார். காப்பும் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். இன்கோவாக் அனுமதிக்கு அடிப்படையான சோதனைகள் எதிர்ப்புரதத்தை அளந்தவை. போட்டுக்கொண்டவர் பிறருக்குப் பரப்புவது குறைந்ததா என்பதை அளந்தவை அல்ல. பரவலைத் தடுக்கிறது என்று நேரடியாக நிறுவிக்காட்டும் மூக்கு மருந்து வரும்போது நான் முதல் ஆளாக மூக்கை நீட்டுவேன். அதுவரை தோளை நீட்டுவதே சரி.

ஊசியே இல்லாததை ‘மூக்கு வழித் தடுப்பூசி’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, இது தமிழா? (மதுரை)

அம்மை ‘குத்திய’ காலத்தில் வந்த சொல் பொருளை மாற்றிக்கொண்டு நிலைத்துவிட்டது. ‘தடுப்பு மருந்து’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும்; ஆனால் நோயைத் தடுத்தால் சரி, நீங்கள் எந்தப் பெயர் சொன்னாலும் திருத்த மாட்டேன்.

வணக்கம் டாக்டர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில் இருக்கிறோம். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் மூக்கில் அடிக்கிற ஃப்ளூ மருந்துக்குச் சம்மதப் படிவம் தந்திருக்கினம். அதில் பன்றிக் கொழுப்பு இருக்குதெண்டு சொல்லுகினம். நாங்கள் சைவம். என்ன செய்யலாம்? (ஹாரோ, லண்டன்)

கொழுப்பு என்பது சரியில்லை. அதில் இருப்பது பன்றியிலிருந்து எடுத்து மிகவும் தூய்மைப்படுத்திய ஜெலட்டின். உயிருள்ள வைரஸ் கெடாமல் நிலைத்திருப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமியரும் இதே கேள்வியைப் பல ஆண்டுகளாக எழுப்பி வருவதால், பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையே அதற்கு வழி வைத்திருக்கிறது: ஜெலட்டின் காரணமாக மூக்கு மருந்தை ஏற்காத பிள்ளைக்கு, ஜெலட்டின் இல்லாத ஊசி கேட்டுப் பெறலாம். அந்த விருப்பத்தைப் படிவத்திலேயே எழுதுங்கள். படிவத்தைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டுவிடுவதுதான் தவறு. வாயால் உண்பதும் மருந்தாக ஏற்பதும் ஒன்றல்ல என்று கொள்ளும் சைவக் குடும்பங்களும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள், நான் அல்லன்.

பிள்ளைக்கு மூச்சிரைப்பு இப்போது கடுமையாக இருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியிருந்தாலோ, ஆஸ்பிரின் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ அதைப் படிவத்தில் குறிப்பிடத் தவறாதீர்கள். வீட்டில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அண்மையில் பெற்றவர் இருந்தாலும் சொல்லுங்கள். மருந்திலுள்ள வைரஸ் சில நாள் பிள்ளையின் மூக்கில் இருக்கும். மற்றபடி சளி ஒழுகுவதும் லேசான தலைவலியும் ஓரிரு நாளில் போய்விடும்.

என் மகனுக்கு 9 வயது. வலிப்பு வருகிறது. நரம்பியல் மருத்துவர் மிடாசொலாம் ஸ்பிரே எழுதிக்கொடுத்து, அவசரத்துக்கு மூக்கில் அடிக்கச் சொன்னார். வலிப்பு வரும்போது எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. மாமியார் சாவியைத் தேடி ஓடுகிறார். பல் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை எப்படி மருந்தை உறிஞ்சும்? (தேனி)

உறிஞ்சவே வேண்டாம் என்பதுதான் இந்த மருந்தின் பெருமை. வாய் பூட்டிக்கொண்டிருந்தாலும், நரம்பு தேட முடியாமல் கை வெட்டி இழுத்தாலும், மூக்கு திறந்துதான் இருக்கும். மிடாசொலாம் சளிச்சவ்வு வழியே சில நிமிடங்களில் இரத்தத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேர்கிறது. முன்பெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசனவாய் வழியே செலுத்தும் டயசிபாம்தான் தருவோம். பள்ளியில் ஆசிரியரோ பேருந்தில் தந்தையோ அதைக் கையிலெடுக்கத் தயங்கி, காலம் கடந்துபோன கதைகள் எங்களுக்குத் தெரியும்.

வலிப்பு தொடங்கியதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையைத் தரையில் கிடத்தி, ஒருக்களித்துத் திருப்பி, தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ எதுவும் போகக் கூடாது. வலிப்புகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைக் கையில் கொடுத்ததும் நின்றதுபோல் தோன்றுவதும் இதனால்தான். மாமியார் சாவியைக் கண்டெடுக்கும் நேரமும் வலிப்பு அடங்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. அவரைக் கடிந்துகொள்ளாமல், அந்த ஓட்டத்தை ஸ்பிரேயை எடுத்துவரும் ஓட்டமாக மாற்றிவிடுங்கள். பதற்றத்தில் ஓடுகிறவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் வீடே நிதானப்படும்.

ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றாலோ, உங்கள் மருத்துவர் அதற்கு முன்பே அடிக்கச் சொல்லியிருந்தாலோ, சீட்டில் எழுதிய எண்ணிக்கையை இரு துளைகளுக்கும் பகிர்ந்து அடியுங்கள். ஒரே துளையில் எல்லாவற்றையும் அடித்தால் பாதி தொண்டைக்கு ஓடிவிடும். எண்ணிக்கை பிள்ளையின் எடையைப் பொறுத்தது. சந்தையில் வெவ்வேறு வலிமையில் கிடைப்பதால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அடித்த கணக்கு உங்கள் பிள்ளைக்கு ஆகாது. அடித்தபின் மூச்சு சீராக வருகிறதா என்று மார்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வலிப்பு நிற்காவிட்டாலும், மூச்சு மந்தமானாலும், உதடு நீலம் பாரித்தாலும் 108-ஐ அழையுங்கள். புதுப் புட்டியைக் காற்றில் சிலமுறை அழுத்தித் தயார்செய்து வைக்க வேண்டியிருக்கும். அதையும், காலாவதி நாளையும், வலிப்பு இல்லாத ஒரு சாவகாசமான மாலையில் பார்த்து வையுங்கள்.

ஏழு ஆண்டுகளாக மூக்கடைப்புச் சொட்டு மருந்து இல்லாமல் எனக்கு உறக்கம் வராது. சட்டைப்பையில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று. சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கொடுக்கிறார்கள். இது பழக்கமா, போதையா? (அம்பத்தூர்)

மருத்துவத்தில் இதற்கு மருந்தால் வந்த மூக்கழற்சி என்று பெயர். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்ற இந்த மருந்துகள், மூக்கினுள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சில நிமிடங்களில் சுருங்கச் செய்கின்றன; அடைப்பு திறந்ததும் சொர்க்கம் தெரியும். மருந்தின் வேகம் தணியும்போது குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிந்து வீங்கும். அதற்கு மறுபடி ஒரு சொட்டு, அது தணிந்ததும் இன்னும் பெரிய வீக்கம். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் என்று நாங்கள் வரம்பு வைப்பது இதனால்தான். புட்டியின் பெட்டியிலும் அது அச்சிடப்பட்டிருக்கும். படிப்பதற்குத்தான் பூதக்கண்ணாடி வேண்டும்.

விடுபட முடியும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை மருத்துவர் ஆலோசனையுடன் தொடங்கி, அது வேலை செய்யத் தொடங்க ஒரு வாரம் விட்டு, பிறகு சொட்டு மருந்தை முதலில் ஒரு துளையில் மட்டும் நிறுத்துங்கள். ஒரு பக்கம் திறந்திருந்தால் இரவு கழியும். நிறுத்திய பக்கம் ஓரிரு வாரத்தில் தானாகத் திறக்கும். பிறகு மறு பக்கத்தையும் நிறுத்தலாம். இத்தனை ஆண்டு அடைப்புக்கு முதற்காரணம் மூக்குத்தண்டு வளைவா, ஒவ்வாமையா, சதை வளர்ச்சியா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டீராய்டு என்றதும் அஞ்ச வேண்டாம். மொமெட்டாசோன், ஃப்ளூட்டிகாசோன் போன்றவற்றில் இரத்தத்துக்குப் போவது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆனால் பலரும் இதைத் தவறாகவே அடிக்கிறார்கள். அண்ணாந்து, வலது கையால் வலது துளையில் நடுச்சுவரை நோக்கி அடித்து, ‘சர்’ரென்று உறிஞ்சினால் மருந்து பாதி சுவரைப் புண்ணாக்கி இரத்தம் வரவைக்கும், பாதி தொண்டைக்குப் போகும். சற்றே குனிந்து, இடக்கையால் வலது துளையிலும் வலக்கையால் இடது துளையிலும், முனையைக் கண்ணின் வெளியோரத்தை நோக்கிச் சாய்த்து அடித்து, பூ முகர்வதுபோல் மெல்ல இழுங்கள்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் உங்கள் புட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். பெரியவர்களுக்கான 0.1 விழுக்காட்டுச் சொட்டு கைக்குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி மூச்சைத் தளரச் செய்யும்.

யோகா வகுப்பில், மூக்கை உப்புநீரால் கழுவும் ஜலநேதி கற்றுக்கொண்டேன். மூளை தின்னும் அமீபா என்று கேரளச் செய்திகளைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மூக்குக்கும் மூளைக்கும் அப்படி நேர்வழி உண்டா? உண்டென்றால் மருந்தையும் அப்படியே அனுப்பலாமே? (நாகர்கோவில்)

வழி உண்டு. மூக்கின் உச்சியில் உள்ள எலும்பு சல்லடைபோல் துளையிட்டது. முகர்வு நரம்பின் இழைகள் அத்துளைகள் வழியே மூளையிலிருந்து இறங்கி வருகின்றன. நேக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா அந்த இழைகளைப் பற்றிக்கொண்டே மேலேறுகிறது. அதே தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே நேதிக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். எனவே நேதிக்குக் கிணற்று நீரும் குழாய் நீரும் நேரடியாக ஆகாது. நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, உப்புக் கலந்து பயன்படுத்துங்கள். குவளையையும் கழுவிக் காயவையுங்கள். வடிகட்டி இயந்திரத்திலிருந்து வருகிறது என்பதற்காகக் கொதிக்கவைப்பதை விட்டுவிட வேண்டாம்.

மருந்தை அவ்வழியே அனுப்பும் ஆசை ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் உச்சியில் உள்ள அந்தப் பகுதி மிகச் சிறியது. சாதாரண ஸ்பிரேயின் துளிகளில் அங்கு எட்டுபவை சொற்பம். எட்டியவற்றுக்கும் அதே கால் மணி நேரம்தான். மறதி நோய்க்கு மூக்கு வழியே இன்சுலின் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. எதிர்பார்த்த பலன் இல்லை. கடுமையான மனச்சோர்வுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் ஸ்பிரேயை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் இரத்தத்தில் கலந்தே மூளைக்குப் போகிறது. மயக்கமும் இரத்த அழுத்த உயர்வும் வரலாம் என்பதால், அடித்தபின் இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்காரவைத்துக் கண்காணிக்கிறார்கள்.

மூக்குத்தி போட்டிருக்கிறேன். ஸ்பிரே அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டுமா? (காரைக்குடி)

வேண்டாம். மூக்குத்தி இருப்பது முன்மடலில். ஸ்பிரேயின் முனை அதைத் தாண்டி உள்ளே போய்விடும். திருகாணி பெரிதாக இருந்து முனை இடித்தால் மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். இப்போதுதான் குத்தியிருக்கிறீர்கள் என்றால், புண் ஆறும்வரை அந்தப் பக்கத்தில் ஸ்டீராய்டு அடிக்க வேண்டாம், ஆறுவதைத் தாமதப்படுத்தும்.